நீலம் மங்கினால் மட்டும் போதாது

எல்லோருக்கும் வணக்கம். மாட்டுக்கு மடிநோய் வந்தால் மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார். கூடவே, இத்தனை நாளைக்குப் பாலை விற்காதீர்கள் என்றும் சொல்வார். ஆனால் கறந்த பாலைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? பென்சிலின் கலந்த பாலாக இருந்தால் உறை ஊற்றியும் சரியாகத் தயிராகாது; உறையில் இருக்கும் பாக்டீரியாவையே மருந்து கொன்றுவிடும். எல்லா மருந்தும், எல்லா அளவிலும் இப்படிக் காட்டிக்கொடுக்காது.

டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பாலில் 100 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு. இதைத் துல்லியமாக அளக்கும் கருவி விலை அதிகம். பால் சேகரிக்கும் இடத்தில் வைக்க முடியாது.

அங்கேதான் கார்பன் புள்ளிகள் என்ற ஒளிரும் நுண்துகள்கள் வருகின்றன. 2004-ல் தென் கரோலினாவில் கார்பன் நானோகுழாய்களைச் சுத்தம் செய்தபோது தற்செயலாகக் கிடைத்தவை. பெரும்பாலும் 10 நானோமீட்டருக்கும் சிறியவை. செய்வதும் சுலபம். சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டையமினையும் தண்ணீரில் கரைத்து, டெஃப்லான் உறை போட்ட எஃகுக் கலனில் இறுக மூடி, 200 டிகிரி வாக்கில் சில மணி நேரம் சூடாக்க வேண்டும். வெளியே எடுத்தால் டிகாஷன் மாதிரிப் பழுப்பு நீர். புறஊதா விளக்கைக் காட்டுங்கள், பளிச்சென்று நீலம்!

டெட்ராசைக்ளின் சேர்ந்தால் அந்த நீலம் மங்கும். 360 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புறஊதா ஒளியை அந்த மருந்து விழுங்குகிறது. புள்ளிகளுக்கு வேண்டியதும் அதே ஒளிதான். சரி, வேலை முடிந்ததா? இல்லை. அந்த ஒளியை விழுங்கும் வேறு எது இருந்தாலும் நீலம் மங்கும். போதாக்குறைக்குப் பாலில் இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் தானே பச்சையாக ஒளிரும். கொழுப்பும் கேசீன் என்ற பால் புரதமும் ஒளியைச் சிதறடிக்கும். சுத்தமான நீரில் வாங்கிய நல்ல எண்களை மட்டும் காட்டும் ஆய்வுகள்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

ஐரோப்பியம் என்ற உலோக அயனியைச் சேர்ப்பது எனக்குப் பிடித்த யுக்தி. டெட்ராசைக்ளின் அதைப் பற்றிக்கொண்டு, தான் விழுங்கிய ஒளியின் ஆற்றலை அதற்குக் கொடுக்கும். ஐரோப்பியம் சிவப்பாக ஒளிரும். நீலம் குறையக் குறையச் சிவப்பு ஏறும். இரண்டின் விகிதத்தைப் பார்ப்பதால் விளக்கு கொஞ்சம் மங்கினாலும் கணக்கு அவ்வளவாகக் கெடாது. அப்போதும் பாலில் அமிலம் விட்டுப் புரதத்தைத் திரித்து, வடிகட்டி, அமிலத்தன்மையைச் சரிசெய்த பிறகுதான் சோதிக்க வேண்டும். சிவப்பு வந்த கேனை ஓரமாக வைத்துவிட்டு மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அபராதம் போடுவதென்றால் அந்த முடிவு வந்த பிறகுதான்.