பெயருக்கு முன்னால் ஒரு 'டோனா'

வணக்கம். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில், அல்ஃபாமா என்ற பழைய பகுதியின் படிக்கட்டு ஒன்றில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். நடுவில் டிராம் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டில் வயதான ஒரு அம்மா இருக்கிறார். பெயர் மரியா என்று வைத்துக்கொள்வோம். போன வாரம் மரியாதையாகத்தான் "சென்யோரா மரியா" என்று, நம்ம 'திருமதி' மாதிரி, கூப்பிட்டேன். பதில் சொன்னார், ஆனால் முகம் சட்டென்று இறுகிவிட்டது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண் விளக்கினாள். இங்கே பழைய வழக்கப்படி மீன் விற்பவர், வீடு துடைக்க வருபவர் என்றால் 'சென்யோரா மரியா'. வசதியான வீட்டு அம்மா என்றால் 'டோனா மரியா'. அதற்கும் மேலே 'சென்யோரா டோனா மரியா'. பெயர் ஒன்றுதான், படி மூன்று!

'டோனா' லத்தீன் 'டோமினா'விலிருந்து வந்தது, வீட்டுத் தலைவி என்று பொருள். போர்த்துகீசியத்தில் இல்லத்தரசிக்கு 'டோனா டி காசா' என்றுதான் பெயர். ஸ்பானியத்தில் இதே சொல் 'டோன்யா'. இரண்டு மொழியிலும் இது சொந்தப் பெயரோடுதான் ஒட்டும், வெறும் குடும்பப் பெயரோடு ஒட்டாது. நாம் மரியம்மா என்கிறோமே, அந்த மாதிரி. நமக்குப் பின்னால் வருவது அவர்களுக்கு முன்னால் வருகிறது, அவ்வளவுதான்.

போர்ச்சுகலில் ஆணுக்கான 'டோம்' அந்தக் காலத்து அரசர்கள், பிரபுக்கள், ஆயர்கள் போன்றவர்களுக்குத்தான். சாதாரண ஆண்களுக்கு 'சென்யோர்'தான், நம்ம 'திரு' மாதிரி. ஆனால் 'டோனா' அரச வம்சம் இல்லாத பாட்டிக்கும் கிடைக்கும். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

பிடிக்காதது ஸ்பானிய 'சென்யோரிட்டா'. கல்யாணம் ஆகாத பெண் என்று பொருள். ஸ்பெயினில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் தங்கள் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. பெயர் அப்படியே இருக்க, முன்னால் இருக்கும் மரியாதைச் சொல் மட்டும் ஏன் மாற வேண்டும்? ஆணுக்குக் கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் 'சென்யோர்'தான். 'சென்யோரிட்டோ' என்று ஒரு சொல் உண்டு, ஆனால் அது பணக்கார வீட்டுச் செல்லப் பிள்ளைக்கு. அதனால் சொல்கிறேன், வளர்ந்த பெண் என்றால் யோசிக்காமல் 'சென்யோரா' என்றே கூப்பிடுங்கள். ஒரே விலக்கு பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகள் டீச்சரை 'சென்யோ' என்பார்கள். 'சென்யோரிட்டா'வின் சுருக்கம்தான், ஆனால் பேரன் பேத்தி எடுத்த டீச்சருக்கும் அதுதான்.

சரி, இன்று காலை அந்த அம்மா காய்கறிப் பையோடு படியேறி வந்தார். "போன் தீயா, டோனா மரியா" என்று காலை வணக்கம் சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு, எந்த ஊர், அம்மா அப்பா இருக்கிறார்களா என்று பத்து நிமிடம் விசாரித்தார்.