எத்தியோப்பியாவில் இரண்டு மணி என்றால் எத்தனை மணி?

(திரையில்: சுவர்க் கடிகாரம், சின்ன முள் இரண்டில் நிற்கிறது)

வணக்கம். வேலை விஷயமாக எத்தியோப்பியா போகிறீர்களா? விசா, டிக்கெட் எல்லாம் எடுத்து வைத்த பிறகு கடிகாரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.

அடிஸ் அபாபாவில் என் முதல் நாள். டிரைவரிடம் "இரண்டு மணிக்கு வாங்க" என்று சொல்லியிருந்தேன். மதியம் கீழே இறங்கினால், மனிதர் காலை எட்டு மணியிலிருந்தே ஹோட்டல் வாசலில் காத்திருக்கிறார். முகத்தில் துளிக் கோபம் இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

(திரையில்: சூரிய உதயம், பக்கத்தில் ஓடும் முள்)

அங்கே மணியை எண்ணத் தொடங்குவது விடியலிலிருந்து. நம் கைக்கடிகாரம் காலை 7 காட்டினால் அவர்களுக்கு 1 மணி. எட்டு என்றால் 2. சாயங்காலம் ஆறுக்கு 12 முடிந்து, இரவுக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடு; விடியும் நேரம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது. அதனால் இந்தக் கணக்கு அவர்களுக்கு வெகு இயல்பு. வெளிநாட்டவரை அங்கே 'ஃபெரெஞ்சி' என்பார்கள். நேரம் குறிக்கும்போது "உங்கள் நேரமா, ஃபெரெஞ்சி நேரமா?" என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நாட்காட்டியும் வேறு. 30 நாள் கொண்ட 12 மாதங்கள், அப்புறம் 5 அல்லது 6 நாள் மட்டுமே உள்ள 13-வது மாதம், பாகுமே. புத்தாண்டு பெரும்பாலும் செப்டம்பர் 11. ஆண்டுக் கணக்கு நம்முடையதைவிட 7 அல்லது 8 வருடம் பின்னால் இருக்கும். 2000-ஆம் ஆண்டு பிறந்ததை அவர்கள் கொண்டாடியது நம் 2007 செப்டம்பரில்! ஒப்பந்தத்தில் தேதி எந்தக் கணக்குப்படி என்று எழுதிக்கொள்வது நல்லது.

பெயரில் இரண்டாவதாக வருவது அப்பா பெயர். அதனால் ஆண்களை 'அத்தோ' என்ற மரியாதைச் சொல்லோடு முதல் பெயர் சொல்லி அழையுங்கள்.

இன்னொன்று. பேசும்போது எதிரில் இருப்பவர் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார். திடுக்கிட்டுவிட்டார் என்று பயந்தேன். அது "ஆமாம்" என்பதன் இன்னொரு வடிவம்.

(திரையில்: தரையில் பரப்பிய பச்சைப் புல், புகையும் காபிக்கொட்டை)

எனக்கு மிகவும் பிடித்தது காபிச் சடங்கு. பச்சைக் கொட்டையைக் கண்முன்னே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் பக்கமும் கொண்டுவந்து காட்டுவார்கள். இடித்து, 'ஜெபெனா' என்ற கறுப்பு மண்கூஜாவில் கொதிக்க வைப்பார்கள். மூன்று சுற்று: அபோல், தோனா, பெரெக்கா. அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றுவதால் சுற்றுக்குச் சுற்று காபி இளகும், பேச்சும் இளகும். முதல் கோப்பையோடு எழுந்துவிடாதீர்கள். பெரெக்கா என்றால் ஆசீர்வாதம். எங்கள் பேச்சில் விலை வந்ததே அந்தச் சுற்றில்தான்.

அன்று அந்த வட்டத்தில் டிரைவரும் இருந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நாளைக்கு எட்டு மணி. ஃபெரெஞ்சி நேரம்."