ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம்

வணக்கம் நேயர்களே. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன், பத்தொன்பது வருடமாகிறது. கடைசி எட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கான ஆலோசனைப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் டைரி எழுதுவதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளின் மனசு எங்கே இருக்கிறது என்று நோட்டுத் திருத்துகிற எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ரஃப் நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பச் சொல்வார்கள். ஒரு பெயரைப் பத்துத் தடவை எழுதிப் பத்தையும் அடித்திருக்கும், அடித்த அடியில் பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கம் வரைக்கும் இறங்கியிருக்கும், ஓரத்தில் பொடி எழுத்தில் "யார்கிட்டயும் பேசப் பிடிக்கல" என்று ஒரு வரி இருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கென்று தனியாக ஒரு நோட்டும் கால் மணி நேரமும் கிடைத்தால் போதும். அந்த நோட்டை வேறு யாரும் தொடமாட்டார்கள் என்கிற நம்பிக்கையும் வேண்டும். நான் இன்றைக்கு வந்ததே முக்கியமாக இந்த நம்பிக்கையைப் பற்றிச் சொல்லத்தான்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது, அப்பா வேலை பார்த்த கடையில் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி எனக்குக் கிடைத்தது. சிவப்பு ரெக்சின் அட்டை, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ராகுகாலம், எமகண்டம் போட்டிருக்கும். ஜூன் மாதம் வரைக்கும் விடாமல் எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் அதை எடுத்து, எல்லாரும் சாப்பிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் சத்தமாகப் படித்தார். அம்மாவுக்கு என்னைவிடத் தங்கையைத்தான் பிடிக்கும் என்று நான் எழுதியிருந்த பக்கம் அது. எல்லாரும் சிரித்தார்கள், அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி டைரியை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அப்புறம் முப்பது வயது வரைக்கும் எனக்கென்று ஒரு வரி எழுதவில்லை, அம்மாவிடம் மனசுவிட்டுப் பேசுவதும் அதோடு நின்றுபோனது.

"பிள்ளை என்ன எழுதுதுன்னு நாங்க பார்க்க வேண்டாமா டீச்சர், காலம் கெட்டுக் கிடக்கு" என்று பெற்றோர் கேட்கும்போது அந்தக் கூடம்தான் என் கண்முன் வருகிறது. அவர்களுடைய பயம் நிஜமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மா படிப்பார் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை அம்மாவுக்காக எழுத ஆரம்பித்துவிடும். "இன்று நன்றாகப் படித்தேன், நாளை இன்னும் நன்றாகப் படிப்பேன்" என்று பக்கம் பக்கமாக எழுதுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் யாருக்கும் ஒரு பயனும் கிடையாது.

ஆன் ஃபிராங்க் என்ற யூதப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1942 ஜூனில், பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு நோட்டு கிடைத்தது, அடுத்த மாதமே, யூதர்களைப் பிடித்துக்கொண்டு போன ஹிட்லரின் நாஜிகளுக்குப் பயந்து, குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு வருடத்துக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்த இடம், எட்டுப் பேர் இருந்த இடம், தனியாக அழக்கூட மூலை கிடையாது. கிட்டி என்று ஒரு தோழியைக் கற்பனை செய்துகொண்டு அவளுக்குத்தான் அந்தப் பெண் எழுதியது. நம் பிள்ளைகளுக்கு அந்த மாதிரி ஆபத்து இல்லை. ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்கிற தவிப்பு இங்கேயும் இருக்கிறது, நாற்பது பக்க நோட்டு அந்த இடத்தைக் கொடுக்கும்.

சரி, எழுதினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்கிற உளவியலாளர் 1986-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குக் கால் மணி நேரம் எழுத வைத்தார். ஒரு பகுதியினர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் மனதை மிகவும் பாதித்த ஒன்றை எழுதினார்கள். நடந்ததையும் அப்போது என்ன தோன்றியது என்பதையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு கொஞ்சம் வாடித்தான் போனார்கள், ஆனால் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. இதற்குப் பிறகு நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இருக்கிறது, ஆனால் சிறிய பலன்தான், எல்லாருக்கும் ஒரே மாதிரியும் இல்லை. டைரி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் நேரில் பார்த்தது சொற்களின் விஷயம். எங்கள் பிள்ளைகளிடம் மனசுக்கு மூன்று சொல்தான் இருக்கிறது: டென்ஷன், கடுப்பு, மூட் அவுட். பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன், இரண்டு வாரம் எழுதிவிட்டு வந்து "தினமும் டென்ஷன்னுதான் மிஸ் எழுதுறேன், வேற ஒண்ணும் வரல" என்றான். நோட்டைக் காட்டச் சொல்லவில்லை. கரும்பலகையில் சில சொற்களை எழுதினேன்: ஏக்கம், அவமானம், பொறாமை, ஆற்றாமை, குற்ற உணர்வு, தவிப்பு, வெறுமை. இதில் எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம், இன்றைக்கு எழுதும்போது பொருந்துகிற ஒன்றைப் போட்டுப் பார் என்றேன். மறுநாள் இடைவேளையில் அவனாகவே வந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்த நண்பன் பெஞ்சு மாறிப் போய்விட்டான். "முதல்ல பொறாமைன்னு எழுதினேன் மிஸ், அடிச்சிட்டேன். ஏக்கம்னு எழுதினதும் அழுகை வந்துருச்சு." அதுவரைக்கும் அவன் அந்த நண்பன் மேல் கோபமாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இதற்குப் பக்கத்தில் வருகிற ஓர் ஆராய்ச்சியும் உண்டு. மேத்யூ லீபர்மன் என்கிற அமெரிக்க உளவியலாளரின் குழு 2007-இல் வெளியிட்டது. கோபமான, பயந்த முகங்களின் படத்தைக் காட்டி, அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது மூளையில் பயம் மாதிரி உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்கிற பகுதியின் பரபரப்பு குறைந்தது. அவனுக்கு நடந்ததும் இதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், ஆனால் அன்றிலிருந்து சொல்தேட வைப்பதை நான் விடவில்லை.

எப்படி எழுதுவது என்று கேட்கிற தம்பி, தங்கைகளுக்கு: தேதி போடுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் வரட்டும், எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், தமிழ் டீச்சர் நான்தான் சொல்கிறேன். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் "என்ன எழுதுறதுன்னு தெரியல" என்று எழுதுங்கள், மூன்றாவது தடவை எழுதும்போது வேறு ஏதாவது வந்துவிடும். தினமும் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதிக் கிழித்துப் போட்டாலும் சரி. போனில் எழுதலாமா என்றால் எழுதலாம், ஆனால் நிறைய வீடுகளில் போன் எல்லாருக்கும் பொது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே விஷயத்தை ஒரே வார்த்தைகளில் நாள்கணக்கில் எழுதி, எழுத எழுத மனசு இன்னும் கனக்கிறது என்றால், அந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள், உங்களுக்குப் பிடித்த யாராவது ஒருவர். செத்துப்போகலாம் என்கிற மாதிரி ஏதாவது எழுதினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற மனநல உதவி எண், டெலிமானஸ் என்று மத்திய அரசு நடத்துவது, இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

பெற்றோருக்கும் இதையே சொல்கிறேன். பிள்ளை சாப்பாட்டைக் குறைக்கிறது, தூங்கவில்லை, பிடித்த பொருளையெல்லாம் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறது என்றால் நோட்டைத் தேடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள், "சாகணும்னு தோணுதா" என்றுகூடக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பல பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

போன வருடம் பத்தாவது படித்த ஒரு பெண், தன் நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு, லேபிளில் "சமூக அறிவியல் - பழையது" என்று எழுதி வைத்திருந்தாள், யாரும் எடுக்கமாட்டார்கள் என்று. அவள் அம்மாவுக்கு அது என்ன நோட்டு என்று தெரியும், என்னிடமே சொன்னார். பிப்ரவரியில் அந்த நோட்டு தீரப்போகிற நேரம், மேசையில் சமூக அறிவியல் புத்தகத்துக்கு மேலே எண்பது பக்க நோட்டு ஒன்று புதிதாக இருந்ததாம், கூடவே ஒரு பழுப்பு அட்டையும் லேபிளும். அம்மா எதுவும் கேட்கவில்லை என்று அவள் சொன்னாள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.