டாலர் பிளாக்செயினில் ஏறினால் நமக்கு என்ன?

(திரையில்: வெள்ளை மாளிகை. 2025 ஜூலை 18 என்ற தேதி.)

அமெரிக்க அதிபர் டிரம்ப் அன்று கையெழுத்திட்ட சட்டத்துக்கு ஜீனியஸ் சட்டம் என்று பெயர். பிட்காயின் விலை பற்றிய பேச்சில் இது பலர் காதிலும் விழவில்லை. ஆனால் வரும் ஆண்டில் கிரிப்டோவில் எதைக் கவனிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஏனென்றால் இது ஸ்டேபிள்காயினுக்கான சட்டம். டாலர் போன்ற ஒரு பணத்தோடு மதிப்பைக் கட்டிவைத்த கிரிப்டோ காயின்தான் ஸ்டேபிள்காயின்.

(திரையில்: ஒரு டாலர் தாள், பக்கத்தில் ஒரு காயின்.)

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால் செருப்பு கைக்கு வரும். ஸ்டேபிள்காயினும் அப்படித்தான். நிறுவனத்திடம் 1 டாலர் கட்டினால் ஒரு காயின் உருவாகும். காயினைத் திருப்பிக் கொடுத்தால் டாலர் கிடைக்கும், காயின் அழிக்கப்படும். டெதர் வெளியிடுவது யூஎஸ்டிடி, சர்க்கிள் வெளியிடுவது யூஎஸ்டிசி. சந்தையில் பெரியவை இந்த இரண்டும்தான்.

நாம் கட்டிய டாலர் சும்மா கிடக்காது. பெரும்பகுதி அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களுக்குப் போகிறது. அதில் வரும் வட்டி நிறுவனத்துக்கு. காயினை வைத்திருப்பவருக்கு நிறுவனம் வட்டி தரக் கூடாது என்று ஜீனியஸ் சட்டமே சொல்கிறது. இன்னொரு பக்கம், அமெரிக்க அரசின் கடனை வாங்க இவர்கள் பெரிய வாடிக்கையாளர்களாக வளர்ந்துவிட்டார்கள். வாஷிங்டனுக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்பது இப்போது புரியும்.

(திரையில்: 2022 மே. செங்குத்தாக விழும் ஒரு கோடு.)

சட்டம் எதற்கு? டெர்ரா என்ற ஸ்டேபிள்காயின் விழுந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தக் காயினுக்குப் பின்னால் டாலர் இல்லை. லூனா என்ற இன்னொரு காயினையும் ஒரு கணக்கு முறையையும் நம்பியே அது நின்றது. நம்பிக்கை போனதும் இரண்டும் சேர்ந்து விழுந்தன. சில நாட்களில் சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு காணாமல் போனது. உலகம் முழுக்கச் சாதாரண மக்களின் சேமிப்பு அதில் போனது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

பின்னால் உண்மையிலேயே டாலர் இருந்தாலும் ஆபத்து முழுதாகத் தீர்வதில்லை. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டபோது சர்க்கிளின் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது. அது வாரக் கடைசி. காயின் கணக்குகள் பதிவாகும் பொதுப் பேரேடான பிளாக்செயின் 24 மணி நேரமும் ஓடும், வங்கி ஓடாது. யூஎஸ்டிசி 88 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. வங்கியில் போட்டவர்களின் பணம் முழுவதும் கிடைக்கும் என்று அமெரிக்க அரசு அறிவித்த பிறகே அது மீண்டது.

இப்போது சட்டம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு காயினுக்கும் முழு ஈடு வேண்டும். அந்த ஈடு ரொக்கம், வங்கி வைப்பு, 93 நாட்களுக்குள் முதிரும் அரசுப் பத்திரம் போன்றவையாக இருக்க வேண்டும். கையிருப்பு விவரத்தை மாதாமாதம் வெளியிட வேண்டும். விதிமுறைகளை எழுதி முடிக்க 2026 ஜூலை வரை கெடு. எப்படிப் பார்த்தாலும் 2027 ஜனவரி 18-க்குள் சட்டம் நடைமுறைக்கு வந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் மிகா என்ற தன் கிரிப்டோ விதிகளை ஸ்டேபிள்காயின்களுக்கு 2024 ஜூன் முதலே அமல்படுத்திவிட்டது. ஹாங்காங்கில் ஸ்டேபிள்காயின் சட்டம் 2025 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது.

தொழில்நுட்பமும் இதே நேரத்தில் கைகொடுத்தது. 2024 மார்ச்சில் எதீரியம் என்ற பிளாக்செயினில் டென்கன் என்ற மேம்பாடு வந்தது. எதீரியத்தின் மேல் ஓடும் லேயர் 2 என்ற துணை வலைகள் தங்கள் தரவை மலிவாக எழுதிவைக்க அதில் தனி இடம் ஒதுக்கினார்கள். அவற்றில் பணம் அனுப்பும் கட்டணம் சில சென்ட்டுகளாகச் சரிந்தது.

(திரையில்: உலக வரைபடம்.)

யாருக்கு இது பயன்? பெசோவின் மதிப்பு கரைந்துகொண்டே போன அர்ஜென்டினாவில், சம்பளத்தைக் காப்பாற்ற மக்கள் டிஜிட்டல் டாலருக்கு ஓடினார்கள். 200 டாலரை வெளிநாட்டுக்கு அனுப்ப உலக சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்கிறது உலக வங்கி. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அதற்கும் மேல். அங்கெல்லாம் இது நிஜமான நிவாரணம்.

நம் கதை கொஞ்சம் வேறு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி ஊருக்குப் பணம் அனுப்ப, 2023 பிப்ரவரியிலிருந்து அந்த ஊர் பேநவ், நம் யுபிஐ இரண்டுக்கும் நேரடி இணைப்பே இருக்கிறது. ஸ்டேபிள்காயினாக அனுப்பினால் இங்கே அதை ரூபாயாக்க வேண்டும். இந்திய வரிச் சட்டத்துக்கு அதுவும் கிரிப்டோ சொத்துதான். லாபத்துக்கு 30 சதவீதம் வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வரம்பைத் தாண்டினால் விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ். 1 லட்சம் ரூபாய்க்கு விற்றால் 1,000 ரூபாய் பிடித்தம். வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் கைக்கு வரும்போது குறைந்துதான் வரும். கட்டணம் மிச்சம் என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ரிசர்வ் வங்கிக்கு இன்னொரு கவலை. டாலர் காயின் பெருகினால் ரூபாயின் மீதுள்ள பிடி தளரும். அதன் பதில், 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களிடம் சோதனையில் இருக்கும் இ-ரூபாய், அதாவது ரிசர்வ் வங்கியே வெளியிடும் டிஜிட்டல் ரூபாய்.

இன்னொன்று. நடுவில் யாரும் இல்லை, யாரும் தொட முடியாது என்பது பிட்காயினுக்குப் பொருந்தலாம், ஸ்டேபிள்காயினுக்குப் பொருந்தாது. டெதரும் சர்க்கிளும் ஒரு முகவரியில் உள்ள காயின்களை முடக்க முடியும், முடக்கியும் இருக்கிறார்கள். ஆனால் தவறான முகவரிக்கு நீங்கள் அனுப்பிவிட்டால், அந்த அதிகாரம் உங்களுக்காக உடனே வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

(திரையில்: கைபேசியில் ஒரு பி2பி விற்பனைப் பக்கம்.)

நம் ஊரில் அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் பி2பி. காயினை நேரடியாக ஒருவருக்கு விற்கிறீர்கள், அவர் உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புகிறார். அந்தப் பணம் ஆன்லைன் மோசடியில் யாரோ இழந்ததாக இருக்கலாம். இழந்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தால், பணம் போன வழியெல்லாம் தேடி வந்து உங்கள் கணக்கையும் முடக்குவார்கள். சம்பளம், வீட்டுக் கடன் தவணை எல்லாம் நின்றுபோகும். 2023 மார்ச்சிலிருந்து கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்யாத தளத்தின் பக்கமே போகாதீர்கள். விற்கும்போது பணம் அனுப்பியவர் பெயரும் தளத்தில் சரிபார்த்த பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் காயினை விடுவிக்காதீர்கள். எக்ஸ்சேஞ்சில் முறையிட்டு, அந்தப் பணத்தைத் தொடாமல் வையுங்கள்.