800 மீட்டரில் இறங்கும் விமானம்: நார்வேயின் விடெரோ

நேயர்களுக்கு வணக்கம்.

நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் கடற்கரையில், வார்டோ, போட்ஸ்ஃபியூர் என்று சிறிய மீன்பிடி ஊர்கள் இருக்கின்றன. 1980களிலும் 90களிலும் இலங்கைத் தமிழர்கள் பலர் இந்தக் கரையோர ஊர்களின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். அங்கே ரயில் கிடையாது. பனிப்புயல் அடித்தால் மலைச்சாலையை மூடிவிடுவார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் விடெரோ நிறுவனத்தின் சிறு விமானம்தான் கதி. இன்றும் அதே நிலைதான். அந்த விடெரோவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். அதன் வரலாறு, தொழில்நுட்பம், வரவு செலவு, நாளைய கவலை எல்லாவற்றையும் ஒரே ஓர் அளவு தீர்மானிக்கிறது. ஓடுபாதையின் நீளமான 800 மீட்டர்தான் அது.

1934 பிப்ரவரியில் விகோ விடெரோவும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் தபால், விளம்பரப் பறப்பு, நோயாளிகளைக் கொண்டுபோவது, வானிலிருந்து படமெடுப்பது என்று கிடைத்த வேலையையெல்லாம் செய்தார்கள். 1936-37இல் லார்ஸ் கிறிஸ்டென்சன் என்ற கப்பல் முதலாளி அண்டார்டிக்காவுக்கு ஒரு பயணக்குழுவை அழைத்துப்போனார். அதில் விகோ விடெரோவும் போய், அந்தக் கண்டத்தின் கரையை வானிலிருந்து படமெடுத்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வடக்கே நீரில் இறங்கும் விமானங்கள் ஓடின. ஓடுபாதை தேவையில்லை, கடல் போதும். ஆனால் குளிர்காலத்தில் அங்கே சூரியனே எழாத வாரங்கள் உண்டு. இருட்டில், அலையில், மிதவைகளில் பனி உறையும் குளிரில் கடலில் இறங்க முடியாது. மக்களுக்கு விமானம் மிக அவசியமான மாதங்களில்தான் சேவை நின்றுபோனது.

அதற்கு நார்வே அரசு கண்ட வழி துணிச்சலானது. பெரிய விமான நிலையங்கள் கட்டப் பணமும் இல்லை, மலைக்கும் கடலுக்கும் நடுவே இடமும் இல்லை. ஆகவே 800 மீட்டர் ஓடுபாதைகளைப் போட்டு, அவற்றில் இறங்கக்கூடிய விமானத்தைத் தேடினார்கள். கனடாவின் டி ஹாவிலண்ட் தயாரித்த 19 இருக்கை ட்வின் ஆட்டர் கிடைத்தது. 1968 ஜூலையில் புரொன்னொய்சுண்ட், சான்ட்னெஸ்ஷோன், மோ இ ரானா, நாம்சோஸ் ஆகிய நான்கு ஊர்களில் சேவை தொடங்கியது. 1971இல் மேற்குக் கரைக்கும், 1972இல் லோஃபோட்டன் தீவுகளுக்கும், 1974இல் ஃபின்மார்க்குக்கும் அது பரவியது. 1980களின் தொடக்கத்தில் நான்கு எஞ்சின் கொண்ட டேஷ் 7 வந்தது. 1993 முதல் 39 இருக்கை டேஷ் 8-100 வந்து, சில ஆண்டுகளில் மற்ற இரண்டையும் ஓய்வுக்கு அனுப்பியது.

இப்போது அந்த 800 மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பாவின் பொதுவான விதிப்படி, டர்போபிராப், அதாவது எஞ்சின் சுழலியைச் சுழற்றிப் பறக்கும் விமானம் ஒன்று ஓடுபாதையின் முனையை 50 அடி உயரத்தில் கடந்து, தரை தொட்டு, முழுவதுமாக நிற்பதெல்லாம் இருக்கும் நீளத்தில் 70 சதவீதத்துக்குள் முடிய வேண்டும். 800 மீட்டரில் அது 560 மீட்டர். தரை ஈரமாக இருந்தால் இன்னும் 15 சதவீதம் கூடுதல் இடம் தேவை. அதாவது உலர்ந்த தரையில் 487 மீட்டருக்குள் நிற்கக்கூடிய எடையில்தான் புறப்படவே முடியும். அதைவிட எடை கூடினால் பயணிகளையோ, சாமான்களையோ, எரிபொருளையோ குறைக்க வேண்டும். எரிபொருளைக் குறைத்தால், இறங்க முடியாமல் திரும்பும்போது எந்த ஊருக்குப் போவது என்ற கேள்வி வரும். விமானத்தில் இடம் காலியாக இருந்தும் சில நாள் டிக்கெட் கிடைக்காமல் போவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இறங்கும் முறையும் வேறு. விமானத்தைப் பூப்போலத் தரையில் வைத்தால் பயணிகள் மகிழ்வார்கள். ஆனால் 90 நாட் வேகத்தில் மிதக்கும் ஒவ்வொரு விநாடியும் 46 மீட்டர் ஓடுபாதையைத் தின்றுவிடும். அதனால் குறித்த இடத்தில் சற்று அழுத்தமாகவே சக்கரத்தைப் பதிப்பார்கள். தரை தொட்டதும் விமானி எஞ்சின் நெம்புகோலைப் பின்னிழுக்க, சுழலி இதழ்கள் தட்டையாகத் திரும்பிக் காற்றுக்குச் சுவர்போல நிற்கும். சக்கர பிரேக் முழுப் பிடி பிடிக்கும் முன்பே வேகம் சரியத் தொடங்கிவிடும். ஜெட்டைவிட இந்த ஓடுபாதைகளுக்கு டர்போபிராப் ஏற்றது என்பதற்கு இதுவே முதல் காரணம். குறித்த இடத்தில் தரை தொடவில்லையென்றால் மறுபடி மேலேறிவிட வேண்டும். மீதி இடத்தில் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பனிக்காலத்தில் ஓடுபாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை ஓர் எண் கொடுப்பார்கள். 6 என்றால் உலர்ந்த தரை. 5 என்றால் ஈரம். 1 என்றால் பனிக்கட்டி. நீர் படிந்த பனிக்கட்டிக்கு 0. அந்த நிலையில் இறக்கம் கிடையாது. கடுங்குளிரே மோசம் என்று நாம் நினைப்போம். உண்மையில் மைனஸ் 15 டிகிரியில் இறுகிக் கிடக்கும் பனிக்கு 4 கிடைக்கும். வெப்பம் ஏறி பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் பனியின் மேல் நீர்ப்படலம் பரவி எண் சரசரவென்று கீழே போகும். கடலோரத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஒரே காலைப்பொழுதில்கூட நடக்கும். நிலையத்து ஆட்கள் பனியைத் தள்ளி, மணல் தூவி, அளந்து, புதிய எண்ணை விமானிக்குச் சொல்லும்வரை வானில் வட்டமடிக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இந்த அனுபவத்தின் விலை உயிர்கள். 1982 மார்ச்சில் மேஹாம்ன் அருகே ட்வின் ஆட்டர் கடலில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். 1988 மே 6 அன்று டேஷ் 7 ஒன்று புரொன்னொய்சுண்டுக்கு இறங்கும் வழியில், உரிய இடத்துக்கு முன்பே உயரத்தைக் குறைத்து, டோர்க்ஹாட்டன் மலையில் மோதியது. 36 பேர் இறந்தார்கள். விமானிகள் ஒருவரையொருவர் சரிபார்க்கும் ஒழுங்கு தளர்ந்திருந்ததும், விமானி அறையில் ஒரு பயணி அமர்ந்திருந்ததும் விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்டன. 1990 ஏப்ரலில் வேரோய் தீவில் புறப்பட்ட விமானத்தின் வாலைப் பலத்த காற்று முறித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அங்கே மலை காற்றைச் சுழற்றிவிடுகிறது என்பதால் அந்த நிலையத்தையே மூடிவிட்டார்கள். இன்று அங்கே ஹெலிகாப்டர் ஓடுகிறது. 1993இல் நாம்சோஸ் அருகே இருளில் மலைச்சரிவில் மோதி ஆறு பேர் இறந்தார்கள்.

நாம்சோஸிலும் டோர்க்ஹாட்டனிலும் எஞ்சின் நின்றுவிடவில்லை, இறக்கை முறியவில்லை. நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானம், கீழே எவ்வளவு உயரம் இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் மலைக்குள் போனது. மலைகளுக்கு நடுவே வழக்கமான தரைவழி ரேடியோக் கருவிகளை வைப்பது பல இடங்களில் சாத்தியமில்லை. ஆகவே செயற்கைக்கோள் வழிகாட்டலில் இறங்கும் ஸ்காட்-1 என்ற முறையை உருவாக்கி, 2007இல் புரொன்னொய்சுண்டில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். விமானிக்கு இறங்கும் சரிவு திரையில் தெரிகிறது. இருட்டில் படிப்படியாக இறங்கித் தேட வேண்டியதில்லை. என் கருத்தில் இந்தச் சிறு நிலையங்களுக்குச் செய்த செலவிலேயே மிகப் பயனுள்ளது இதுதான்.

பண விஷயம். 39 பேர் விமானத்தில் பாதி நிரம்பினால் லாபம் வராது. அரசு ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தினம் எத்தனை பயணம், எத்தனை இருக்கை, டிக்கெட்டின் உச்ச விலை என்ன என்று நிர்ணயித்து ஏலம் விடும். 1997 முதல் இதுதான் முறை. குறைந்த மானியம் கேட்பவருக்கு வழித்தடம் கிடைக்கும். பெரும்பாலானவற்றை விடெரோவே எடுக்கிறது, ஏனென்றால் அந்த ஓடுபாதைக்கு ஏற்ற விமானமும் பழகிய விமானிகளும் அதனிடம் இருக்கிறார்கள். உரிமை கைமாறியபடியே இருக்கிறது: 2002 முதல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்ஏஎஸ், 2013 முதல் டோர்க்ஹாட்டன் என்ற கப்பல் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும், 2024 ஜனவரி முதல் நார்வேஜியன் ஏர் ஷட்டில் என்ற விமான நிறுவனம். 2018இல் எம்ப்ரேயர் இ190-இ2 ஜெட்டை உலகிலேயே முதலில் சேவையில் இறக்கியதும் விடெரோதான், நீண்ட ஓடுபாதை உள்ள ஊர்களுக்காக.

நாளைய கவலை டேஷ் 8-100. அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. விமானத்தின் உடல் எத்தனை முறை ஏறி இறங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. முதலில் 80,000 ஆக இருந்ததை, கூடுதல் பரிசோதனைகளோடும் உதிரிப்பாக மாற்றங்களோடும் 1,20,000 ஆக நீட்டினார்கள். ஒரு நாளைக்கு 10 இறக்கம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் அது 40 ஆண்டு. முடிவில்லாத காலம் அல்ல. மாற்று தேடியவர்களுக்கு இரண்டு கதவுகள் மூடிவிட்டன. டெக்னாம் என்ற இத்தாலிய விமானத் தயாரிப்பாளரின் மின்விமானத் திட்டம் 2023இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 800 மீட்டரில் இறங்குவதற்கென்று ஏடிஆர் என்ற ஐரோப்பிய நிறுவனம் திட்டமிட்ட ஏடிஆர் 42-600எஸ் டர்போபிராப் 2024இல் கைவிடப்பட்டது.

சாதாரண ஏடிஆர் 42 கிடைக்கிறது. 50 இருக்கைவரை கொண்டது. அதற்குச் சுமார் 1,050 மீட்டர் வேண்டும். வித்தியாசம் 250 மீட்டர்தான். சில ஊர்களில் அந்த 250 மீட்டரும் பாறையை வெடித்தோ, கடலை நிரப்பியோதான் கிடைக்கும். இரு முனையிலும் பாதுகாப்புப் பரப்பும் விட வேண்டும். மோ இ ரானாவில் பழைய நிலையத்தை விட்டுவிட்டுப் பெரிய ஓடுபாதையோடு புதிதாகவே கட்டுகிறார்கள். இடம் கொடுக்கும் ஊர்களில் நீட்டிப்பு வேலையை இப்போதே தொடங்க வேண்டும். வரப்போகும் மின்விமானத்துக்காக அதைத் தள்ளிவைப்பது தவறு என்பதே என் முடிவு. பாறை உடைத்து, நிரப்பி, தார் போட்டு, சான்றிதழ் வாங்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்கிடையில் டேஷ் 8-100 ஒவ்வொரு நாளும் தன் கணக்கில் பத்து இறக்கங்களைக் கூட்டிக்கொண்டே போகும்.

வணக்கம்.