அரை ஓர்க்குக்கு ஒரு திரை பிடியுங்கள்

(வேலூரில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்துத் தோழர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் அது மரியாதை ஆகாது. இந்த அரங்குக்கு மின்விசிறி வந்தது அவரால். பின்சுவரில் ஈரம் ஏறியபோது கொத்தனாரைக் கையோடு அழைத்துவந்து நிறுத்தியதும் அவர்தான். மாமன்ற உறுப்பினர் அவர்கள் தம் வார்டில் குடிநீர்ப் பிரச்சினை இருக்கும் இன்றைக்கும் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். நூலக அலுவலர் அம்மாவிடம் கடைசியில் ஒரு கோரிக்கை வைக்கப்போகிறேன், அதனால் அவர்களை இப்போது அதிகம் புகழவில்லை. தலைமையாசிரியர் ஐயா எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆரணிப் பட்டு. அந்தக் கரையைப் பார்த்ததுமே இன்றைய பேச்சுக்கு ஒரு பழமொழி கிடைத்துவிட்டது.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை.

இதை வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உண்டாக்கியது. ஒருவர் கதை சொல்வார். சுற்றி உட்கார்ந்த நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, அந்தப் பாத்திரமாகவே பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். வெற்றியா தோல்வியா என்று தெரியாத இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். வேலூரிலும் காட்பாடியிலும் கல்லூரிப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆட்டம் அருமையான ஆட்டம், அதில் எனக்கு மாறுபாடு இல்லை. என் வழக்கு அதில் உள்ள ஒரு இனத்தைப் பற்றியது. அரை ஓர்க். ஓர்க் என்பது ஒரு அரக்கக் கூட்டம். ஓர்க்குக்கும் மனிதருக்கும் பிறந்த பிள்ளை அரை ஓர்க்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் போட்ட எண்கள். இரண்டு, நம்முடைய கூத்து இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்பது. மூன்று, 2022-இல் ஹடோஸி என்ற குரங்கினத்தைச் சேர்த்துவிட்டு, அந்த ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் மன்னிப்புக் கேட்ட விவகாரம்.

முதலில் எண்கள். பலம், அறிவு, வசீகரம் என்று ஒவ்வொரு திறனுக்கும் பாத்திரத்துக்கு ஒரு எண் உண்டு. இனத்தைப் பொறுத்து அது கூடும், குறையும். 1978-இல் வந்த விதிப்புத்தகத்தில் அரை ஓர்க்குக்குப் பலத்தில் 1 கூட்டல், உடலுறுதியில் 1 கூட்டல், வசீகரத்தில் 2 கழித்தல். அதோடு ஒரு விளக்கமும் உண்டு. இப்படிப் பிறக்கிறவர்களில் பத்தில் ஒரு பங்குதான் மனிதர் என்று சொல்லி ஊருக்குள் நடமாடும் அளவுக்கு மனிதச் சாயல் உள்ளவர்கள். ஆட்டக்காரர் எடுக்கும் பாத்திரம் அந்த மேலான பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளே, கவனியுங்கள். யார் சாயல் தெரியாமல் மறைத்துக்கொள்கிறானோ அவன் மேலானவன்! சிவப்பாக இருக்கும் பெண்ணுக்கு முதலில் வரன் வரும் ஊரில் வாழ்கிற நமக்கு இந்த வாக்கியத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பின் விதிப்புத்தகத்தில் அரை ஓர்க்கே இல்லை. 2000-இல் மூன்றாம் பதிப்பில் திரும்பி வந்தான். பலத்தில் 2 கூட்டல். அறிவில் 2 கழித்தல், வசீகரத்திலும் 2 கழித்தல். குள்ளர்கள், எல்ஃப்கள் என்ற மற்ற இனத்தாருக்கு ஒன்று கொடுத்து ஒன்று எடுத்தார்கள். இவனுக்கு மட்டும் ஒன்று கொடுத்து இரண்டு எடுத்தார்கள். சண்டையில் பலத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்று இதற்கு வாதம் உண்டு. அந்த வாதமே என் புகாருக்குச் சாட்சி. இவனைச் சண்டைக்கு மட்டும் பிறந்தவன் என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். 2009-இல், நான்காம் பதிப்பில், கழித்தல் போயிற்று. எண் போயிற்றே தவிர எழுத்து போகவில்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஓர்க் பெற்றோரிடமிருந்து ஒழுங்கின்மையின் பக்கம் சாயும் போக்கு வருகிறது, நன்மையின் பக்கம் பெரிய நாட்டம் இருக்காது என்று எழுதினார்கள். பிறப்பிலேயே இவனுக்குக் கிடைக்கும் பயிற்சி எது தெரியுமா? பிறரை மிரட்டுவது.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. ஆரணித் தறிக்காரரைப் போய்க் கேளுங்கள். ஒரே பாவு நூல்தான். சாயம் வேறு, ஊடை வேறு, கரை வேறு, நெய்கிற கை வேறு. நூலை மட்டும் பார்த்து அவர் சேலைக்கு விலை சொல்லமாட்டார்.

இப்போது காட்பாடியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு மாடியில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். வெளியே நல்ல மழை. ஆட்டம் நடத்திய பையனிடம் இருந்தது அவன் அண்ணன் விட்டுப்போன பழைய மூன்றாம் பதிப்புப் புத்தகம். குடியாத்தத்துப் பெண் ஒருத்தி அரை ஓர்க் எடுத்திருந்தாள். பெயர் கருவேலன். அவன் சண்டைக்காரன் இல்லை, ஊர் ஊராகப் போய்ப் பழைய கல்வெட்டைப் படியெடுக்கிறவன் என்று அவளே கதை கட்டியிருந்தாள். கோட்டை வாசலில் காவலர்கள் நிறுத்தினார்கள். எல்ஃப் உள்ளே போனான். குள்ளன் போனான். திருடனாக ஆடிய பையன்கூடப் போய்விட்டான். கருவேலனை மட்டும் தடுத்தார்கள். பேசிப் பார், பகடை உருட்டு, 12 வந்தால் விடுகிறேன் என்றான் கதை சொன்ன பையன். அவள் உருட்டினாள். சரியாக 12! எல்லாரும் கை தட்டினோம். அவன் புத்தகத்தைப் புரட்டி, "உனக்குப் பொறப்புலயே வசீகரத்துல 2 கழிவு இருக்கு, அதுக்குப் பகடைல 1 குறையும். 11 தான். உள்ள வுட முடியாது" என்றான். அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. பகடையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

மூலையில் ஒரு பெரியவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுப் பையன் ஒருவனுக்குத் தாத்தா. செய்யாறு பக்கத்துக்காரர், சி.எம்.சி.யில் கண் காட்ட வந்தவர். அந்தக் காலத்தில் ஜமா வைத்துக் கூத்து நடத்திய வாத்தியார். அதுவரை பேசாமல் இருந்தவர் கேட்டார்: "இன்னாடா அது? அந்தப் பொண்ணு கட்டிக்கினு கீறது இன்னா வேஷம்?"

"தாத்தா, அம்மா மனுஷி. அப்பா ஓர்க்குன்னு ஒரு அரக்கன்."

"அப்பா அரக்கன், அம்மா மனுஷியா? நம்ம ஆளுக்கு அம்மா அரக்கி, அப்பா மனுஷன். இடும்பி பெத்த புள்ளை, பீமன் மவன். கடோத்கஜன்டா அது! அவனைப் போயி வாசல்ல நிறுத்துவீங்களா? அவனுக்குக் கிரீடம் கட்டணும், புஜக்கட்டை கட்டணும், முகவீணை அலறணும். வேஷக்காரன் திரைக்குப் பின்னால நின்னு நான் இன்னார்னு அவனே பாடிக்கினு வருவான். வாசல்காரன் எப்பிடிச் சொல்றது அவன் யாருன்னு?"

சொன்னவர் எழுந்துவிட்டார். கட்டிலில் கிடந்த போர்வையை எடுக்கச் சொன்னார். எல்ஃபும் திருடனும் ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். அந்தப் பெண்ணைப் போர்வைக்குப் பின்னால் நிறுத்தினார். முன்னால் நின்று அவரே கட்டியக்காரன் ஆனார். "வருகிற மகராசா யாரு? எந்த ஊரு? இன்னா காரியமா வந்தீரு?" என்று மாடி அதிரக் கேட்டார். சத்தம் கேட்டு, கீழ்வீட்டு அம்மா சண்டை போடுவதற்கே படியேறி வந்தார்கள். வந்தவர்கள் கதவருகில் நின்றுவிட்டார்கள். போர்வைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் முதலில் மெதுவாகத் தொடங்கினாள். பிறகு குரல் ஏறிற்று. நான் கருவேலன், எங்கள் மலையில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள், உங்கள் கோட்டையைக் கட்டியவன் பெயர் உங்களுக்கே மறந்துபோயிற்று, அது எந்தக் கல்லில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கதவைத் திற! தாத்தா போர்வையை இறக்கினார். கதை சொன்ன பையன் பகடையைத் தொடவே இல்லை. கதவு திறந்தது. சண்டை போட வந்த கீழ்வீட்டு அம்மா கடைசி வரை இருந்து, எல்லாருக்கும் டீ போட்டு அனுப்பினார்கள்.

(கைதட்டல்)

கைதட்டு அந்த வாத்தியாருக்குச் சேரட்டும். வட ஆற்காட்டு மண்ணின் கூத்தில் யாராக இருந்தாலும், தருமனோ துரியோதனனோ, திரைக்குப் பின்னால் நின்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டுதான் சபைக்கு வருகிறான். இந்த உரிமை அரை ஓர்க்குக்கு எந்தப் பதிப்பிலும் கிடைக்கவில்லை. அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவன் யார் என்று புத்தகம் சொல்லிவிடுகிறது. என் குறை முழுவதும் இதுதான்.

நம் கதைகளில் இந்தப் பழுது இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வியாச பாரதத்தில் கர்ணன் அர்ச்சுனனுக்காக வைத்திருந்த சக்தி ஆயுதம் கடோத்கஜன்மேல் விழுகிறது. பாண்டவர் எல்லாரும் அழ, கண்ணன் மகிழ்கிறான். ஆயுதம் தீர்ந்துபோயிற்று என்பது ஒரு காரணம். கர்ணன் கொல்லாவிட்டால் நானே இவனைக் கொல்லவேண்டி வந்திருக்கும், இவன் வேள்விக்குப் பகை என்றும் அடுத்துச் சொல்கிறான். பாண்டவருக்காக உயிரைக் கொடுத்த பிள்ளைக்கு அரக்கி மகன் என்ற கணக்கு கடைசி மூச்சுக்குப் பிறகும் தீரவில்லை. அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

"விளையாட்டுத்தானே ஐயா, அரக்கன் என்றால் அரக்கன்" என்று சிலர் கேட்கிறார்கள். இந்த அட்டவணையை நம்மேலேயே போட்டார்கள் என்பதை மறந்துவிட்டுக் கேட்கிற கேள்வி அது. இங்கிருந்து நடக்கிற தூரத்தில் கோட்டை இருக்கிறது. 1806 ஜூலை 10 அதிகாலை அதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை போடு, நெற்றிக் குறியை அழி, காதணியைக் கழற்று என்ற உத்தரவை ஏற்காதவர்கள். பின்னாளில் ராபர்ட்ஸ் என்ற தளபதி வந்தார். 1881 முதல் சென்னைப் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைமை வகித்தவர். போர்க்குலம் என்று சிலரைப் பிரித்தார். தென்னாட்டான் போருக்கு ஆகமாட்டான் என்றார். சென்னைப் படைப்பிரிவுகளைக் குறைத்து வடக்கத்தி ஆட்களால் நிரப்பினார்கள். கோட்டைக்குள் அப்படி எழுந்தவர்களின் பேரன் தலைமுறைக்குப் பிறப்பிலேயே பலத்தில் கழித்தல்! இதைவிடக் கொடியது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வடக்கே தொடங்கி, 1911 சட்டத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்மவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதிக்காகக் கைரேகை கொடுக்கவேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். நாடு முழுவதும் அது நீங்க 1952 ஆயிற்று. ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே குற்றத்தின் பக்கம் சாய்வு உண்டு என்று எழுதிய ஏட்டை நாம் பார்த்திருக்கிறோம். அதே வரி பளபளப்பான அட்டைப் புத்தகத்தில் வந்தாலும் எனக்கு அடையாளம் தெரிகிறது.

2024 பதிப்பில் இதையெல்லாம் திருத்திவிட்டோம் என்கிறார்கள். கூட்டல் எண்களை இனத்திலிருந்து எடுத்து, அந்தப் பாத்திரம் வளர்ந்த பின்புலத்தோடு சேர்த்தார்கள். அது நியாயம், வரவேற்கிறேன். முழு ஓர்க்குக்கு விதிப்புத்தகத்தில் இடம் கொடுத்தார்கள், அதுவும் நியாயம். ஆனால் அரை ஓர்க்கையும் அரை எல்ஃபையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் பிறந்த பிள்ளைக்குப் பக்கமே இல்லை. அவமானமாக எழுதியவர்கள் மரியாதையாக எழுதியிருக்கவேண்டும், அழித்திருக்கக் கூடாது. சாதி மறுத்துக் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். பள்ளிப் படிவத்தில் இந்தக் கட்டமா அந்தக் கட்டமா என்று தயங்கி நின்ற தகப்பன்மாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது புரியும். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்றால் இரண்டு நூலில் நெய்த சேலைக்கு என்ன பெயர் சொல்வீர்கள்?

இந்த நிலையில் அமெரிக்காக்காரர் திருத்தட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். நூலக அலுவலர் அம்மா, கோரிக்கைக்கு வந்துவிட்டேன். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரி சேர்த்துத்தான் கட்டுகிறோம். அது மக்கள் காசு. மாவட்டத்து ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மேசை, நாலைந்து நாற்காலி, இரண்டு மணி நேரம் கொடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை. பகடை நாங்கள் வாங்கித் தருகிறோம். தமிழில் கதையாட்டம் நடத்தட்டும் பிள்ளைகள். 1806 கோட்டையை ஆடட்டும், ஜவ்வாது மலையை ஆடட்டும், பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்தை ஆடட்டும். விதியில் ஒன்றே ஒன்றுதான் நான் கேட்கிறேன்: ஆட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு பாத்திரமும் முதலில் திரைக்குப் பின்னால் நின்று தன் பெயரையும் ஊரையும் வந்த காரியத்தையும் தன் வாயால் சொல்லவேண்டும். எண்ணெல்லாம் அதற்குப் பிறகு. திரை பிடிக்கக் கற்றுத்தர நம் மாவட்டத்திலும் திருவண்ணாமலைப் பக்கத்திலும் கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நூலகம் வழிச்செலவு கொடுத்தால் மரியாதையாக இருக்கும். மாமன்ற உறுப்பினர் அவர்கள் இதை மன்றத்தில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

தலைவர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஹடோஸியைப் பற்றிப் பேச நேரம் இல்லை. ஒரு மந்திரவாதி விலங்குகளை அறிவுள்ளவையாக்கி விற்கப் பார்த்தான் என்று ஒரு இனத்துக்குப் பிறப்புக் கதை எழுதினார்கள். கறுப்பின மக்களின் அடிமை வரலாற்றை அது நினைவூட்டுகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதும் அதை நீக்கினார்கள் என்பதோடு நிறுத்துகிறேன். மீதியை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.

மேசை கேட்கும் மனு வாசலில் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகள் பெயரோடு என்ன பாத்திரம் வேண்டும் என்றும் எழுதலாம், அதற்கு மனுவின் பின்பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.