11 யூரோவின் பொருளாதாரம்

அனைவருக்கும் வணக்கம். ‘ஒரு நாட்டின் போட்டித்திறனை எப்படி அளப்பது’ என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் பாதிப் பேருக்குத் தூக்கம் வந்திருக்கும், தெரியும். அதனால் உலகத்தையெல்லாம் சுற்றாமல் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன்: பின்லாந்து. மொத்த மக்கள்தொகையே 56 லட்சம்தான். ஆனால் தன்னைத்தானே இவ்வளவு விடாப்பிடியாக ஆராய்ச்சி செய்துகொண்ட நாடுகள் குறைவு.

அங்கே பொருளாதார ஆராய்ச்சி நிறுவனங்கள் பல உண்டு. எட்லா என்பது 1946இல் தொடங்கியது. முதலாளிகள் அமைப்புகளின் ஆதரவில் நடப்பது. தொழிற்சங்கங்களுக்கு 1971இலிருந்து தனி நிறுவனம் இருக்கிறது. இப்போது அதற்கு லபோரே என்று பெயர். அரசாங்கத்துக்கு வாட் என்று இன்னொன்று. ஒருவர் கூலிச் செலவு அதிகம் என்பார், மற்றவர் மக்களிடம் வாங்கும் சக்தி இல்லை என்பார். நம்மூர் பட்டிமன்றம் மாதிரிதான். ஆனால் ஒரு வித்தியாசம்: சண்டை போடும் எல்லாருடைய மேஜையிலும் ஒரே தரவு இருக்கும். அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண். அதை வைத்து யார் எந்தக் கம்பெனியில் என்ன சம்பளத்துக்கு வேலை பார்த்தார், வேலை போன பிறகு எங்கே போனார் என்று புள்ளியியல் துறை கோத்து வைத்திருக்கிறது. பெயரை எடுத்துவிட்டு ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கிறது. கருத்து வேறாகலாம், கணக்கு வேறாக முடியாது.

அந்தக் கணக்குகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். பின்லாந்துக் கம்பெனி நோக்கியாவின் என்95 என்ற போன் நினைவிருக்கிறதா? 2007இல் வந்தது, மேலும் கீழும் வழுக்கித் திறக்கும். 5 மெகாபிக்சல் கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் அன்றைக்கே உள்ளே இருந்தது. வரிக்கு முந்தைய விலை ஏறக்குறைய 550 யூரோ. யூர்கி அலி-உர்க்கோ, பெட்ரி ரோவினன் முதலிய எட்லா ஆய்வாளர்கள் இந்த ஒரு போனை எடுத்துக்கொண்டார்கள். இந்த 550 யூரோவில் யாருக்கு எவ்வளவு போனது? அதுதான் கேள்வி.

கேள்வி எளிது, பதில் எந்த அரசாங்கப் புத்தகத்திலும் இல்லை. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால், சீனாவில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய போன் முழுசாகச் சீனாவின் ஏற்றுமதி என்றுதான் இருக்கும். அதனால் இவர்கள் கீழிருந்து ஆரம்பித்தார்கள். போனுக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பாகங்களின் பட்டியல், ஒவ்வொன்றும் எங்கே வடிவமைக்கப்பட்டது, எங்கே தயாரானது, லைசென்ஸ் பணம் யாருக்கு, கடைக்காரருக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். தொழிலில் இருந்தவர்களை உட்கார வைத்துக் கேட்டார்கள். வந்த விடை இது: பாகங்களுக்கும் லைசென்சுக்கும் மூன்றில் ஒரு பங்கு. ஏறத்தாழ பாதி நோக்கியாவுக்கே. மீதியில் பெரும்பகுதி மொத்த வியாபாரிக்கும் கடைக்கும். போனைப் பூட்டிச் சோதித்துப் பெட்டியில் போடும் வேலைக்கு 2 சதவீதம். அதாவது 11 யூரோ.

இன்னொன்றும் பாருங்கள். சீனாவில் பூட்டி அமெரிக்காவில் விற்ற போனிலும், கூட்டிய மதிப்பில், அதாவது ஒவ்வொரு கட்டத்திலும் போனின் விலையில் புதிதாகச் சேர்ந்த பங்கில், 51 சதவீதம் ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது. உள்ளே இருந்த பாகங்களில் ஐரோப்பாவில் செய்தவை கொஞ்சம்தான். ஐரோப்பாவிலேயே பூட்டி ஐரோப்பாவிலேயே விற்றால் 68. வடிவமைப்பு, மென்பொருள், காப்புரிமை, பிராண்ட், எதை எங்கே வாங்குவது என்ற முடிவு, இவையெல்லாம் கப்பலில் ஏறாதவை. பணம் அங்கேதான் நின்றது.

இதைக் கேட்டதும் ‘அப்போ அசெம்பிளி வேலை எல்லாம் வேஸ்ட்’ என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. உச்சத்தில் 8,000 பேர் அளவுக்கு நேரடி வேலை. பெரும்பாலும் இளம் பெண்கள், கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்கு வந்து போனவர்கள். 550இல் 11 என்பது ஹெல்சிங்கியிலிருந்து பார்த்தால் தூசு. இங்கே ஒரு வீட்டில் முதல் முறையாக மாதச் சம்பளம் வந்ததற்குக் காரணமே அந்த 11தான். ஆனால் அதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது: பூட்டும் வேலையை இன்னோர் இடத்துக்கு மாற்ற அதிகம் மெனக்கெட வேண்டாம். மைக்ரோசாப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கியிருந்த இந்தச் சென்னை ஆலை அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. பல ஆண்டு பூட்டிக் கிடந்த அந்த இடத்தை அப்புறம் எடுத்துக்கொண்டது சார்ஜர் செய்யும் சால்காம்ப். அதுவும் பின்லாந்தில் வேர் விட்ட கம்பெனிதான், இப்போது சீன நிறுவனம் ஒன்றின் கையில்.

சரி, போன் விலையில் பாதியை எடுத்துக்கொண்ட நோக்கியாவை வைத்திருந்த பின்லாந்து நிம்மதியாக இருந்ததா? இல்லை. 2000 வாக்கில் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4 சதவீதமும், ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கும் நோக்கியா ஒன்றே. ஒரு கம்பெனி இவ்வளவு பெரிதாக இருந்தால் சராசரி பொய் சொல்லத் தொடங்கும். நோக்கியாவின் உற்பத்தித்திறன் மலை உயரம். அது தேசியச் சராசரியைத் தூக்கி நிறுத்தியது. அந்தச் சராசரியை நம்பி 2007, 2008 கூலி ஒப்பந்தங்களில் எல்லாத் துறைக்கும் தாராளமான உயர்வு போட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஐபோன் வந்தது, உலக நெருக்கடி வந்தது, மலை சரிந்தது. கூலி மட்டும் மேலேயே நின்றது. முன்பெல்லாம் இப்படி ஆனால் பின்லாந்து தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்துச் சமாளிக்கும். 1991இல் அப்படித்தான் செய்தது. யூரோவுக்கு மாறிய பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது.

கடைசியில் 2016இல் ‘போட்டித்திறன் ஒப்பந்தம்’ என்று ஒன்று போட்டார்கள். கூலி உயர்வு கிடையாது, ஆண்டுக்கு 24 மணி நேரம் கூடுதல் வேலை, அதற்குச் சம்பளம் இல்லை. தொழிலாளர்கள் அதை மறக்கவே இல்லை. 2020 தொடக்கத்தில் காகித ஆலைகள் உட்படப் பல இடங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது அந்த 24 மணி நேரத்தை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியக் கோரிக்கை. எனக்கும் அந்த ஒப்பந்தத்தின் மேல் பெரிய மதிப்பில்லை. போனின் மென்பொருளில் தோற்றதற்கு மில் தொழிலாளியின் கடிகாரத்தைத் திருகுவது எந்த ஊர் நியாயம்?

மனிதர்கள் என்ன ஆனார்கள் என்ற பகுதிதான் இதில் சுவையானது. 2011இல் ஆள்குறைப்பு தொடங்கியபோது நோக்கியா ‘பிரிட்ஜ்’ என்று ஒரு திட்டம் வைத்தது. 13 நாடுகளில் 18,000 பேருக்கு: கம்பெனிக்குள்ளேயே வேறு வேலை, வெளியே வேலை, படிப்பு, அல்லது சொந்தத் தொழில் தொடங்க முதல் பணம். சுமார் 1,000 புதிய தொழில்கள் அதிலிருந்து முளைத்தன. இதை வெற்றிக் கதையாக எல்லா மேலாண்மைக் கல்லூரியிலும் சொல்கிறார்கள். கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். சலோ என்ற சிறு நகரத்தில் போன் ஆலை 2012இல் மூடியது. மிச்சமிருந்த வடிவமைப்புப் பிரிவையும் மைக்ரோசாப்ட் 2015இல் மூடுவதாக அறிவித்தது. பல்கலைக்கழகமும் ரேடியோத் தொழில்நுட்பமும் இருந்த ஔலு நகரத்துப் பொறியாளருக்குப் போக இடம் இருந்தது. ஆலையில் வரிசையில் நின்று பூட்டியவருக்கு அந்த அளவுக்கு இல்லை.

ஆராய்ச்சிச் செலவு விஷயத்தில் அவர்கள் இரண்டு நெருக்கடிகளில் இரண்டு மாதிரி நடந்துகொண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் சோவியத் சந்தை போய், வங்கிகள் கவிழ்ந்து, வேலையின்மை 3 சதவீதத்திலிருந்து 17க்கு ஏறியது. பல செலவுகளை வெட்டினார்கள். ஆனால் 1996இல், பொதுத்துறைப் பங்குகளை விற்ற பணத்தை ஆராய்ச்சிக்குப் போட்டார்கள். 2010களிலோ நோக்கியா வெட்டிய அதே நேரத்தில் அரசும் வெட்டியது. மொத்த உற்பத்தியில் 3.7 சதவீதமாக இருந்த ஆராய்ச்சிச் செலவு 2016இல் 2.7க்கு வந்தது. இப்போது 2030க்குள் 4 சதவீதம் என்று இலக்கு வைத்து, அரசின் பங்கைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். பணம் கிடைக்கும், ஆய்வாளர்கள் கிடைப்பார்களா என்பது வேறு கேள்வி.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, ‘ஐயா, நம்ம ஊரில் இப்படிக் கணக்குப் போட முடியாதா?’ என்று கேட்டார். பதிலையும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

ஆலைப் பக்கத்துக் கணக்கு நம்மிடம் நன்றாகவே இருக்கிறதம்மா. ஆண்டுதோறும் எடுக்கும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பில் எத்தனை பேர், எவ்வளவு கூலி, எவ்வளவு கூட்டிய மதிப்பு எல்லாம் கிடைக்கும். ஆலை மூடிய பிறகு அந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்பது அதில் கிடைக்காது. ஸ்ரீபெரும்புதூரில் வேலை இழந்த அந்தப் பெண்களில் எத்தனை பேர் வேறு ஆலைக்குப் போனார்கள், எத்தனை பேர் ஊருக்குத் திரும்பினார்கள், யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. வருங்கால வைப்பு நிதியில் வேலை மாறினாலும் மாறாத ஒரே கணக்கு எண் வந்தது 2014 அக்டோபரில். ஆலை மூடுவதற்குச் சில நாள் முன்னால். பெயரை மறைத்து, அந்த எண்ணையும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பையும் கோத்து ஆய்வாளர்களுக்குத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அமைப்புசாராத் தொழிலாளர்கள் அதிலும் வரமாட்டார்கள். அவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கேட்பதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை.